தூக்காமல் போய்வர முடிந்த இடங்கள்: சென்னையில் எங்கள் கோடை விடுமுறை

வீல்சேரில் போய்வரும் என் மூத்தவளுக்கு இந்த வருடம் பதினொன்று முடிந்தது, எடை முப்பத்திரண்டு கிலோ. நாலு வயதில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்வந்தோம், படி இருக்கிறதா லிஃப்ட் இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. இப்போது முடியாது. என் முதுகு ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது. வளர்ந்த பெண்ணை நாலு பேர் பார்க்க யாரோ தூக்கிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

அது புரிந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் ஒரு உணவகத்துக்குப் போன் செய்து, வீல்சேர் வருமா என்று கேட்டேன். "தாராளமா வாங்க மேடம்" என்றார்கள். போனால் வாசலிலேயே நாலு படி. பரிமாறுகிற பையன்கள் மூன்று பேர் ஓடிவந்து, நாற்காலியோடு அவளை அப்படியே தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவள் சாப்பிடவே இல்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கேட்டதற்கு, குடித்திருந்தால் டாய்லெட் போக வேண்டியிருக்கும், அதற்கும் தூக்குவார்கள் என்றாள்.

அதனால் இந்த விடுமுறையில் ஒரே ஒரு கணக்குதான் வைத்துக்கொண்டோம். போன இடத்தில் அவளை யாராவது தூக்க வேண்டியிருந்ததா, இல்லையா. சாப்பாடு ருசி, கூட்டம், செலவு எல்லாம் அப்புறம். எங்களோடு ஆறு வயதுச் சின்னவனும், முழங்கால் வலிக்காரரான என் மாமியாரும் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு இடம் மூத்தவளுக்கு ஒத்துவந்தால் அது அத்தைக்கும் ஒத்துவருகிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

முதலில் மெரினா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் என் மகளுக்கு மெரினா என்றால் காமராசர் சாலை நடைபாதையில் இருந்து தூரத்தில் தெரியும் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். மணலில் வீல்சேர் போகாது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்துவிடும், பின்னால் இருந்து எவ்வளவு தள்ளினாலும் நாற்காலி முன்பக்கம் கவிழப் பார்க்குமே தவிர நகராது. 2022 நவம்பர் 27-ல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாநகராட்சி ஒரு மரப்பாதையைத் திறந்தது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சாலைப் பக்கத்தில் இருந்து கடல் பக்கம் வரை. திறந்து இரண்டு வாரம் முடிவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது, செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். சரிசெய்து திரும்பவும் விட்டார்கள். ஏதேதோ காரணத்தால் நாங்கள் போவது தள்ளிக்கொண்டே வந்து, இந்த மே மாதம்தான் போனோம்.

மூன்று மீட்டர் அகலம் என்பது காகிதத்தில் படிக்கும்போது சாதாரணமாக இருக்கும். அங்கே போய் நின்றால்தான் தெரியும், ஒரு வீல்சேர் கடல் பக்கம் போக, இன்னொன்று எதிரே திரும்பிவர, நடுவில் சின்னவன் துள்ளிக்கொண்டு ஓட, எல்லாருக்கும் இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி. மரப்பலகை மேல் சக்கரம் உருளும்போது ஒரு தடதட சத்தம் வரும், மூத்தவளுக்கு அந்தச் சத்தமே பிடித்துப்போய்விட்டது. பாதி தூரத்துக்கு மேல் என்னைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு அவளே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். அத்தை கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக வந்தார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம் அவர் கடல் பக்கம் போய், மணலில் கால் புதைந்தால் முட்டி தாங்காது என்று நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடுவாராம். எனக்கே இது அன்றைக்குத்தான் தெரியும்.

பாதை முடிகிற இடத்தில் இருந்து தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் மணல் இருக்கிறது. அலை காலில் படாது. சின்னவன் தன் விளையாட்டு வாளியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஓடி, கடல் தண்ணீரை மொண்டு வந்து அக்கா காலில் ஊற்றினான். ஒரு தடவை இல்லை, பதினாறு தடவை, அவள்தான் எண்ணினாள். அந்தப் பாதைக்கு 1 கோடியே 14 லட்சம் ரூபாய் செலவானதாகச் செய்தியில் வந்தது. அந்தக் காசில் என் பங்கு ஏதாவது இருக்குமென்றால் அதற்கு எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் கடைசி மணல் துண்டுக்கும் ஒரு வழி வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரிய பலூன் சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலிகள் உலகத்தில் இருக்கின்றன, அதில் அலைக்குள்ளேயே போகலாம். அதுவும் இங்கே தினமும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேரம் முக்கியம். மெரினாவில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும், கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில்தான் விழும். நாலு மணிக்கு மணல் இன்னும் கொதிக்கும், ஐந்தரைக்கு மேல் சுகம். கடல்காற்று எப்போது உள்ளே வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு மாலை அருமையாக இருக்கும். மேற்கில் இருந்து தரைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல்காற்று நுழையவே நேரமாகும், கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த மாதிரி நாளில்தான். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் திரை மூன்று மணிக்குள் உப்ப ஆரம்பித்தால் கிளம்புவோம், இல்லாவிட்டால் அடுத்த நாள். ஞாயிறு, விடுமுறை நாள் மாலைகளில் பாதையிலேயே ஆட்கள் நின்று படம் எடுப்பார்கள், வழி கேட்டு கேட்டே போக வேண்டும். கேட்டால் எல்லாரும் விலகுகிறார்கள்தான். ஆனால் ஒவ்வொரு பத்தடிக்கும் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போவது ஒரு பிள்ளைக்கு அலுப்பான வேலை. செவ்வாய், புதன் மாதிரி நாள் நல்லது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், நாங்களும் ஒரு நாள் விடுப்பு போட்டுத்தான் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. உப்பும் மணலும் சக்கரத்தின் அச்சில் புகுந்துகொள்ளும். அன்றைக்கு ராத்திரியே ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். முன் சக்கரத்தில் சுற்றிய முடியையும் நூலையும் கத்தரித்து எடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு ஒரு வீல்சேர் முன் சக்கரம் இறுகிப்போய், மாற்றவே இரண்டு வாரம் ஆனது எங்களுக்கு.

பெசன்ட் நகரிலும் இதேபோல மரப்பாதை போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் வீடு இருப்பவர்கள் அங்கே போகலாம். நாங்கள் இன்னும் போகவில்லை.

போய்வரும் வழியைப் பற்றி. நாங்கள் ஷெனாய் நகரில் இருக்கிறோம், அதனால் மெட்ரோ. தெருவில் இருந்து நடைமேடை வரை லிஃப்ட், ரயில் பெட்டியில் வீல்சேர் நிறுத்தத் தனி இடம், நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் சக்கரம் மாட்டாத அளவுக்குக் குறைந்த இடைவெளி. மூத்தவள் மெட்ரோவில் ஏறும்போது நான் பின்னால் கைகட்டிக்கொண்டு நடப்பேன், அவ்வளவுதான் என் வேலை. சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மரப்பாதைக்கு ஆட்டோதான், அந்த ஒரு இடத்தில் மட்டும் அவளைத் தூக்கினோம், அவள் அப்பாதான் தூக்கினார், அதற்கு அவள் ஒப்புக்கொண்டாள். பூந்தமல்லியில் இருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது, அது முடிந்துவிட்டால் கடற்கரைச் சாலையிலேயே போய் இறங்கலாம். நான் அந்த நாளுக்குக் காத்திருக்கிறேன்.

பேருந்து பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் இருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை விட ஆரம்பித்தது, அதற்கு முன் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. வாசலில் படி கிடையாது, நின்றவுடன் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தாழும், ஒரு பலகையை விரித்துப் போட்டால் நாற்காலி நேரே உள்ளே போய்விடும். பிறந்ததில் இருந்து என் மகள் ஏறிய முதல் மாநகரப் பேருந்து அதுதான். எந்தத் தடத்தில் எந்த நேரத்துக்கு வரும் என்பதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் அந்த வகை இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நடைபாதை விளிம்பை ஒட்டி வண்டி நின்றால்தான் பலகை சரியாக உட்காரும், நடுத்தெருவில் நின்றால் சரிவு செங்குத்தாகிவிடும். ஓட்டுநரிடம் கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

இப்போது பகல் நேரம். கோடையில் காலை பத்து முதல் மாலை நாலு வரை பிள்ளைகளை எங்கே வைத்திருப்பது என்பதுதான் எல்லா அம்மாக்களுக்கும் பெரிய கேள்வி, எனக்குக் கிடைத்த பதில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்தது, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது, ஏசி உண்டு. முதல் மாடி முழுக்கப் பிள்ளைகளுக்கு. லிஃப்டில் இருந்து வெளியே வந்தவுடன் ஒரு பெரிய மரம் நிற்கும், செயற்கை மரம்தான், ஆனால் சின்னவன் அதன் அடியில் போய் உட்கார்ந்தவன் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. அலமாரிகள் உயரம் குறைவு. அக்காவும் தம்பியும் ஒரே வரிசைப் புத்தகத்தைக் கை நீட்டி எடுக்க முடிகிறது, இது என் வீட்டில்கூட நடக்காத விஷயம், எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியையே அதைப் பார்த்துவிட்டு வந்துதான் கீழே இறக்கினோம். தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

நாங்கள் நாலு தடவை போனோம், நாலு தடவையும் அவளை யாரும் தூக்கவில்லை. நான் கேட்காமலே திரும்பிவரும்போது அவளே சொன்னாள்: "அம்மா, இன்னிக்கும் ஜீரோ." எங்கள் வீட்டில் அப்படித்தான் மதிப்பெண் போடுகிறோம், ஜீரோதான் உச்சம். ஆட்டோவில் அப்பா தூக்குவது கணக்கில் வராது, அது அவள் போட்ட விதி.

ஒரே ஒரு யோசனை, ஒரு மெல்லிய சால்வை கொண்டுபோங்கள். வெயிலில் இருந்து நேரே குளிருக்குள் போகும்போது, அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிட சீக்கிரம் குளிரும். அதே சாலையில்தான் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது, தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனால் நூலகத்தோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம். அரங்கில் வீல்சேரை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதையும் டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் சேர்ந்து விளையாட என்றே மாநகராட்சி போட்ட பூங்கா ஒன்று இருக்கிறது. ஊரில் எத்தனையோ பூங்காக்களில் என் மகள் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இங்கே தம்பி விளையாடுகிற அதே இடத்தில் அவளுக்கும் விளையாட ஏதாவது இருக்கிறது. மாலையில் போங்கள், பகலில் இரும்பில் கை வைக்க முடியாது. வீல்சேரின் பிடிவளையமும் அப்படித்தான், வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினால் கையைச் சுட்டுவிடும், ரெக்சின் இருக்கை தொடையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பலர் கேட்கிறார்கள். 602 ஹெக்டேர், செவ்வாய் விடுமுறை, பேட்டரி வண்டி உண்டு. என் கருத்து, மே மாதத்தில் வேண்டாம். விலங்குகளுக்கே தண்ணீர் தெளித்துப் பழம் கொடுத்துச் சமாளிக்கிற மாதம் அது, அவையும் நிழலில் படுத்துவிடும், பிள்ளைகள் வெறும் கூண்டைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். மழை முடிந்து டிசம்பர் ஜனவரியில் போங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, வெள்ளி விடுமுறை. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சின்னவன் இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. ஆனால் அது ஒரே கட்டடம் இல்லை, வெவ்வேறு காலத்தில் கட்டிய பல கட்டடங்கள், அதனால் எந்தக் கூடத்துக்குச் சாய்தளம் வழியாகப் போகலாம் என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டு, அதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

ஒரு மாலுக்கும் போனோம், பெயர் வேண்டாம். லிஃப்ட், அகலமான வழி, ஏசி, எல்லாம் இருந்தது, மூன்று மணி நேரம் ஜீரோதான். டாய்லெட்டில் வீல்சேர் படம் போட்ட கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு மூன்று பேரிடம் போய், திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருந்தது. அந்தப் பெட்டிகளை நானும் அங்கே வேலை செய்கிற அக்காவுமாக வெளியே எடுத்து வைத்தோம், அதுவரை என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா, இத யாரும் கேட்டதே இல்ல" என்றார். யாரும் கேட்கவில்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் வராமல் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதனால் தயவுசெய்து போங்கள், கேளுங்கள், பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள்.

போன் செய்யும்போது "வீல்சேர் வருமா" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் வரும் என்றுதான் சொல்வார்கள், தூக்கிவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் சொல்வார்கள். வாசலில் எத்தனை படி என்று கேளுங்கள். ராம்ப் இருக்கிறது என்றால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் முறையான சரிவு, அரை அடிப் படி என்றால் ஆறு அடி. ஒன்றரை அடி உயர வாசலுக்கு மூன்று அடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ராம்ப் என்று சொன்ன கடையைப் பார்த்திருக்கிறேன், அதில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. டாய்லெட் கதவு மூன்று அடி அகலம் இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இந்தக் கேள்விகளை இதுவரை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு மூத்தவளே போன் போட்டாள். "அங்கிள், உங்க கடை வாசல்ல எத்தனை படி?" ஒன்று என்றிருக்கிறார். ராம்ப் உண்டாம். "எவ்ளோ நீளம்?" அது தெரியவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கூப்பிட மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார், ஏழு அடி இருக்கிறது பாப்பா, படி அரை அடிக்கும் கம்மி என்றார். அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நாங்க அஞ்சு பேர் வரோம் என்று சொல்லி வைத்தாள்.